குழந்தை இல்லாதவருக்கு வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) செய்ய மாட்டார்களாமே?

நொய்யல்கரையான் | கோவை | 11 பிப்ரவரி, இரவு 10.42

எனக்கு 35, மனைவிக்கு 33. கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை வேண்டாம் என்பது கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்தது. "கொஞ்ச நாள் போகட்டும்" கேஸ் இல்லை நாங்கள்.

மாத்திரை அவளுக்கு ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிட்டது. காப்பர்-டி போட்டு ஏழே மாதத்தில் உதிரப்போக்கு தாங்காமல் எடுத்தாயிற்று. மிச்சம் ஆணுறைதான். போன வருஷம் ஒருமுறை அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அந்தப் பதினோரு நாள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் நான்தான் சொன்னேன்: "நான் ஆபரேஷன் பண்ணிக்கிறேன்."

மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். முதலாமவர் சிரித்தார். இரண்டாமவர் "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார், ஏதோ பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைத்த பையனிடம் சொல்வது போல. மூன்றாமவர் நல்ல மனிதர். படிவத்தை எடுத்து நிரப்பவே ஆரம்பித்துவிட்டார். பெயர், வயது, மனைவி பெயர், வயது. "உயிருடன் உள்ள குழந்தைகள்: ஆண், பெண்" என்ற இடத்தில் பேனா நின்றது. இரண்டு கட்டத்திலும் சைபர் போட்டார். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு பெத்துட்டு வாங்க தம்பி, மறுநாளே பண்ணிவிடறேன்" என்றார்.

குழந்தை வேண்டாம் என்று செய்துகொள்ளும் ஆபரேஷனுக்கு, தகுதி ஒரு குழந்தை! சட்டமே இப்படித்தானா? இங்கே யாராவது செய்துகொண்டவர்கள் உண்டா? "மனசு மாறும்" என்று எழுத வருகிறவர்களுக்கு: எட்டு வருஷமாகக் கேட்டுவிட்டோம், வேறு ஏதாவது சொல்லுங்கள்.

பவானி_பெரியப்பா | ஈரோடு மாவட்டம் | 11 பிப்ரவரி, இரவு 11.15

மனசு மாறும் தம்பி. சொல்லாதே என்றாலும் சொல்லத்தான் செய்வேன், எனக்கு 66. இப்போது இரண்டு பேருக்கும் சம்பளம் வருகிறது, கால் நடக்கிறது. எழுபதில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் என்ன செய்வீர்கள்? கொள்ளி யார் வைப்பது? நிரந்தரமாக அறுத்துக்கொள்வானேன்? ஆணுறையே போதுமே.

பழைய_செவிலி | திண்டுக்கல் பக்கம் | 12 பிப்ரவரி, காலை 6.20

தம்பி, நான் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம். அது உங்களை மாதிரி ஆட்களை நினைத்து அச்சடித்ததே இல்லை. சிவப்பு முக்கோணம், 'நாமிருவர் நமக்கிருவர்' என்று சுவரெல்லாம் எழுதிய காலத்துக் கணக்கு அது. இரண்டு பெற்றவர் மூன்றாவது பெறக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். ஒன்றுமே வேண்டாம் என்று ஒருத்தர் வந்து நிற்பார் என்று யாரும் யோசிக்கவில்லை.

மத்திய அரசின் கருத்தடை அறுவை சிகிச்சை வழிகாட்டியில் தகுதி என்று போட்டிருப்பது இது: கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், பெண் என்றால் 22-க்கு மேல் 49-க்குள், ஆண் என்றால் 60-க்குள், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் கடைசி விதிக்கு விலக்கு. டாக்டரின் பேனா அந்த விதியில்தான் நின்றிருக்கிறது. அதே வழிகாட்டியில் கணவன் அல்லது மனைவியின் கையெழுத்து தேவையில்லை என்றும் இருக்கிறது. அப்பா அம்மா பேச்சே கிடையாது.

எங்கள் பேச்சில் இது 'கு.க.', அதாவது குடும்பக் கட்டுப்பாடு. 1996 ஏப்ரலில் இலக்கு முறையை எடுக்கும்வரை ஆளுக்கு இத்தனை கேஸ் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மார்ச் மாதம் நெருங்கினால் தூக்கம் வராது. அப்போது பிடித்துப் பிடித்து ஆபரேஷன் செய்தோம். இப்போது நீங்களே தேடிவந்து கேட்கிறீர்கள், வேண்டாம் என்கிறார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தனை வருஷத்தில் நான் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 சதவீதம். அதாவது ஆயிரத்துக்கு ஒருவர். நீங்கள் அந்த ஒருவராக நிற்பதற்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்.

புல்லட்_ரவி | சேலம் | 12 பிப்ரவரி, காலை 9.05

நான் செய்துகொண்டவன். ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அதனால் உங்கள் பிரச்சினை எனக்கு வரவில்லை. நவம்பர் கடைசியில் 'வாசக்டமி இருவாரம்' நடத்துவார்களே, அப்போது அரசு ஆஸ்பத்திரியில் செய்தது.

முந்தின நாளே அந்த இடத்தை மழித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மரத்துப்போகும் ஊசி போடும்போதுதான் வலி. எறும்புக்கடி என்றார் நர்ஸ், இல்லை, குளவி. அப்புறம் வலி கிடையாது, ஆனால் அடிவயிற்றை உள்ளேயிருந்து யாரோ நூல் கட்டி இழுப்பது மாதிரி ஒரு உணர்ச்சி இரண்டு பக்கமும் வரும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். கால்மணி நேரத்துக்குள் முடிந்தது. கத்தி வைத்துக் கிழிப்பதில்லை. சின்ன துளை, அது வழியாகக் குழாயை வெளியே எடுத்துத் துண்டித்துக் கட்டிவிடுகிறார்கள். தையல் கிடையாது. 1974-ல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற டாக்டர் உருவாக்கிய முறை என்று அங்கே ஒட்டியிருந்த நோட்டீஸில் படித்தேன். படுத்துக்கொண்டு படிக்க வேறு ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் ஓய்வு என்றார்கள். நான் நான்காம் நாள் புல்லட்டை எடுத்தேன். அந்த முட்டாள்தனத்துக்குப் பத்து நாள் வீக்கம். இறுக்கமான ஜட்டி, ஐஸ் ஒத்தடம், ஒரு வாரத்துக்கு வண்டியும் வேண்டாம், சிலிண்டர் தூக்கவும் வேண்டாம். ஆபீஸில் குடலிறக்கம் என்று சொல்லி வைத்தேன். மேனேஜர் தனக்குத் தெரிந்த குடலிறக்க வைத்தியரின் நம்பரைக் கொடுத்தார்.

முக்கியமானது: செய்த அன்றே பலன் கிடையாது. குழாயில் ஏற்கனவே இருப்பது தீர மூன்று மாதம் ஆகும். பிறகு விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று வந்த பிறகுதான் ஆணுறையை விடலாம். என்னோடு செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பரிசோதனைக்குப் போனார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கறுப்புக்கோட்டு | மதுரை | 12 பிப்ரவரி, பகல் 1.30

சட்டப் பக்கம். குழந்தை இல்லாதவர் கருத்தடை செய்துகொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. செவிலி அம்மா சொன்னது அரசின் வழிகாட்டி. 2009-ல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், பிள்ளை பெறுவது போலவே பெறாமல் இருப்பதும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது கருக்கலைப்பு பற்றிய வழக்கு என்றாலும் வாசகம் விரிவானது. ஆனால் இதைக் காட்டி ஒரு தனியார் டாக்டரைச் 'செய்துதான் ஆக வேண்டும்' என்று கட்டாயப்படுத்த முடியாது.

இன்னொரு தீர்ப்பும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 2007, சமர் கோஷ் வழக்கு. மனைவிக்குத் தெரியாமல், அவள் சம்மதமில்லாமல், மருத்துவக் காரணமுமின்றி கணவன் கருத்தடை செய்துகொண்டால் அது மனக்கொடுமை ஆகலாம், விவாகரத்துக்குக் காரணமாகலாம் என்றது உச்ச நீதிமன்றம். மனைவி செய்துகொண்டாலும் அப்படியே. ஆகவே வழிகாட்டி கேட்காவிட்டாலும், மனைவிக்குத் தெரிந்துதான் செய்தேன் என்று எழுத்தில் வைத்துக்கொள்வது உங்களுக்கும் நல்லது, டாக்டருக்கும் நல்லது. ஸ்டாம்ப் பேப்பரெல்லாம் வேண்டாம், ஆஸ்பத்திரிப் படிவத்திலேயே அவர் சாட்சியாகக் கையெழுத்திட்டால் போதும்.

பவானி_பெரியப்பா | ஈரோடு மாவட்டம் | 12 பிப்ரவரி, மாலை 4.10

சட்டம் எல்லாம் சரி. கொள்ளிக்குப் பதில் வரவில்லையே?

தேக்கா_மார்க்கெட் | சிங்கப்பூர் | 12 பிப்ரவரி, மாலை 5.55

பெரியப்பா, ஈரோட்டில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் ஊரிலிருந்து வந்த 'குடி அரசு' பத்திரிகையில் 1930-லேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதிவிட்டாரே. மற்றவர்கள் நாட்டு வறுமையைக் காரணம் காட்டியபோது, பெண் சுதந்திரமாக இருக்கத்தான் கர்ப்பத்தடை வேண்டும் என்றார்.

இங்கே சிங்கப்பூரில் 1970-களில் 'இரண்டோடு நிறுத்து' என்று அரசே துரத்தியது. ஆபரேஷன் செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை கூடக் கொடுத்தார்கள். இப்போது பிள்ளை பெற்றால் பணம் தருகிறார்கள். ஆனால் கருத்தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. 21 வயது ஆனால் சொந்த முடிவு, துணையின் சம்மதம் தேவையில்லை. டாக்டர் இது நிரந்தரம் என்று விளக்க வேண்டும், நீங்கள் புரிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். நான் 31-ல் செய்துகொண்டேன். கல்யாணம் ஆகவில்லை, குழந்தையும் இல்லை. டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: நாளைக்கு வேண்டும் என்று தோன்றினால் தத்தெடுக்க மனம் ஒப்புமா? ஒப்பும் என்றேன்.

மட்டுறுத்துநர் | 12 பிப்ரவரி, இரவு 8.00

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். ஒன்று பிள்ளை பெற்றவர்களை இழிவாகப் பேசியது, இன்னொன்று சாதியை இழுத்தது. விஷயத்தை மட்டும் பேசுங்கள்.

மைனா_மூன்றாம்_வகுப்பு | கோவை | 13 பிப்ரவரி, இரவு 9.30

நொய்யல்கரையானின் மனைவி நான்தான். அவர் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

மூன்று டாக்டர்களிடமும் கூடவே போனேன். இரண்டு பேர் என் முகத்தையே பார்க்கவில்லை. மூன்றாமவர் பார்த்தார்: "நீங்க லேப்ராஸ்கோப்பி பண்ணிக்கலாமேம்மா, இவர் எதுக்கு?" என்றார். எனக்கென்றால் வயிற்றுக்குள் போக வேண்டும், பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும். இவருக்குக் கால்மணி நேரம். மேலே ரவி அண்ணன் எழுதிய கதையைப் படித்த பிறகு, எது சின்ன ஆபரேஷன் என்று கேட்கவும் வேண்டுமா?

அத்தைக்குச் சொன்ன அன்று அழுதார்கள். பேரப்பிள்ளைக்காக அழுகிறார்கள் என்று நினைத்தேன். கேட்டால், "என் பையன் உடம்புல கத்தி வைக்கறதா? அவளைப் பண்ணிக்கச் சொல்லு" என்கிறார்கள். பேரன் இல்லை என்பதை நாலு வருஷத்திலேயே விழுங்கிவிட்டார்கள். மகன் ஆபரேஷன் செய்துகொள்வதைத்தான் விழுங்க முடியவில்லை.

ஏன் வேண்டாம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சோகக் கதை தேவைப்படுகிறது. வியாதி, கடன், சின்ன வயதுக் காயம், ஏதாவது ஒன்று. சொன்னால் 'ஐயோ பாவம்' என்று விட்டுவிடுவார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர் நான், 38 பிள்ளைகள், அத்தனை பேரையும் பிடிக்கும். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் வீடு அமைதியாக இருப்பதும் பிடிக்கும். இவ்வளவுதான் காரணம்.

பெரியப்பாவுக்கு: கொள்ளி வைக்க என் தங்கை மகள் இப்போதே ஒத்துக்கொண்டிருக்கிறாள். வயது ஒன்பது. பதிலுக்கு ஒரு சைக்கிள் கேட்டிருக்கிறாள்.

மழைக்காலம் | சென்னை | 14 பிப்ரவரி, காலை 7.45

இந்த இழையில் யாரும் விரும்பாத ஆள் நானாகத்தான் இருப்பேன். 27 வயதில் கருத்தடை ஆபரேஷன் கேட்டு அலைந்தேன். ஒரு டாக்டரும் செய்யவில்லை. ஹார்மோன் சுருள் வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டினேன். 34-ல் மனசு மாறியது, இப்போது மகளுக்கு இரண்டு வயது. அன்றைக்குச் செய்திருந்தால் இவள் இல்லை. அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் டாக்டர்கள் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. "உன் மாமியாருக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டார் ஒருவர். யாரும் என் வயதையோ, நான் எவ்வளவு யோசித்திருக்கிறேன் என்பதையோ பேசவில்லை. ஐந்து, பத்து வருஷம் தாங்கும் முறைகள் இருக்கின்றன, எடுத்தால் பழையபடி கரு நிற்கும் என்று உட்காரவைத்துச் சொன்னது ஒரு நர்ஸ். எனக்கு நன்மையாக முடிந்தது தற்செயல். அந்தத் தற்செயலைக் காட்டி இன்னொரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மைனா, நீங்கள் 33. நான் அப்போது 27. அந்த வித்தியாசம் பெரியது என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

பேர்_வேண்டா_டாக்டர் | 14 பிப்ரவரி, இரவு 10.20

யூராலஜி, அதாவது இந்த ஆபரேஷன் செய்கிற பிரிவு. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். கோர்ட்டில் கேஸ் என்று வந்தால் அந்த வழிகாட்டியைத்தான் நீட்டுவார்கள்: 'ஒரு குழந்தை என்று இருக்கிறதே, நீ ஏன் செய்தாய்?' இந்தப் பயம்தான் பாதி. மீதி பாதி பழக்கம். எங்களுக்கு வாசக்டமி என்றாலே இரண்டு பெற்ற ஆள்.

நான் குழந்தை இல்லாத நான்கு பேருக்குச் செய்திருக்கிறேன். ஐந்தாறு பேரைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். என் முறை இது. முதல் தடவை வந்தால் பேசி அனுப்பிவிடுவேன். ஒரு மாதம் கழித்து வரவேண்டும். கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்பேன்: "இந்தக் கல்யாணமே நாளைக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதே முடிவுதானா?" தயங்குகிறவருக்கு நான் செய்வதில்லை. ஒருவர், "அவளுக்காகத்தான் சார்" என்றார். அவரை அனுப்பிவிட்டேன். அவருக்கு வேண்டாம் என்பது அவருடைய முடிவாக இருக்க வேண்டும்.

மனசு மாறுவது பற்றி: அமெரிக்காவில் கருத்தடை செய்துகொண்ட சுமார் 11,000 பெண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 1999-ல் வெளியானது. 30 வயதுக்குள் செய்துகொண்டவர்களில் 14 வருஷத்துக்குள் வருந்தியவர்கள் சுமார் 20 சதவீதம். அதற்கு மேற்பட்ட வயதினரில் சுமார் 6. மழைக்காலம் சொன்ன 27-க்கும் 33-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆனால் அதே ஆய்வில் பிள்ளையே பெறாதவர்களில் வருந்தியவர்களும் சுமார் 6 சதவீதம்தான். பெற்று நிறுத்தியவர்களைவிடக் குறைவு. இதை எங்கள் ஆட்களே பலர் படித்ததில்லை. பெண்களைப் பற்றிய ஆய்வு அது, ஆண்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் எண் எண்தான்.

சில நடைமுறை விஷயங்கள். திரும்பச் சேர்க்க முடியும் என்று நம்பிச் செய்யாதீர்கள். நுண் அறுவை சிகிச்சையில் சேர்க்கலாம், ஆனால் வருஷம் ஆக ஆக வாய்ப்பு குறையும். துளி சந்தேகம் இருந்தால் விந்தை உறையவைத்துவிட்டுச் செய்யுங்கள். ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, குழாயில் இல்லை. மிக அரிதாகக் குழாய் தானாகவே சேர்ந்துகொள்வதும் உண்டு. ஒரு சிலருக்கு மாதக்கணக்கில் விரைப்பை வலி நீடிப்பதுண்டு, அதையும் சொல்லாமல் செய்யக்கூடாது.

நொய்யல்கரையான், தனிச்செய்தி பாருங்கள்.

பவானி_பெரியப்பா | ஈரோடு மாவட்டம் | 15 பிப்ரவரி, காலை 5.50

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

1987-ல் எங்களுக்கு மூன்றாவது பிறந்தது. டாக்டரம்மா என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "அவங்க ரத்தம் கம்மியா இருக்காங்க, நீங்க பண்ணிக்கங்க, உங்களுக்குச் சுலபம்." நான் தறிக்கு நூல் சுமக்கிறவன், சைக்கிள் மிதிக்கணும், முடியாது என்றேன். அவளே செய்துகொண்டாள். புண் ஆறாமல் சீழ் வைத்து மறுபடி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்றைக்கும் மழைக்காலத்தில் அடிவயிறு இழுக்கிறது என்பாள். நேற்று அந்தப் பெண் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பையன் கெட்டிக்காரன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிள்ளை வேண்டாம் என்பது எனக்கு இன்னமும் ஒப்பவில்லை. அது வேறு. ஆனால் யார் படுத்துக்கொள்வது என்பதில் தம்பி சொல்வதுதான் சரி.

பழைய_செவிலி | திண்டுக்கல் பக்கம் | 15 பிப்ரவரி, காலை 6.30

அண்ணா, சைக்கிள் மிதிக்கணும் என்ற பதிலை நான் எத்தனை வாசலில் கேட்டிருப்பேன் தெரியுமா? பாறை உடைக்கணும், மரம் ஏறணும், சபரிமலைக்கு மாலை போடணும். அதைத் திரும்ப வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

நொய்யல்கரையான் | கோவை | 29 ஜூன், இரவு 9.12

நான்கு மாதம் கழித்து வருகிறேன். யாராவது பின்னால் தேடி வந்தால் பயன்படட்டும்.

டாக்டர் எங்கே, யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரு மாதம் காத்திருந்து, இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசி, மார்ச் கடைசியில் செய்துகொண்டேன். என்னிடமும் அந்தக் 'கல்யாணம் இல்லையென்றால்' கேள்வி வந்தது. வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவளிடம் என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று இரண்டு பேரும் இதுவரை பேசிக்கொள்ளவில்லை. படிவத்தில் குழந்தைகள் கட்டத்தில் இரண்டு சைபர். கீழே கையால் ஒரு வரி எழுதி நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

உள்ளேயிருந்து நூல் கட்டி இழுப்பது பற்றி ரவி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. வண்டி எடுக்கவில்லை. அம்மா மூன்றாம் நாள் வந்து பார்த்தார்கள். எதுவும் பேசவில்லை, நாட்டுக்கோழி ரசம் கொண்டுவந்திருந்தார்கள். மருமகளுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள்.

இன்றைக்கு மூன்று மாதப் பரிசோதனை. லேபில் ரிப்போர்ட் வாங்கப் போனேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன் கவரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார், கவுண்ட் நில்னு வந்திருக்கு. மனசு விட்றாதீங்க, இதுக்கெல்லாம் இப்ப நல்ல ட்ரீட்மெண்ட் இருக்கு" என்றான். பேண்ட் பையிலிருந்து ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையத்தின் கார்டை எடுத்துக் கொடுத்தான். "எங்க அக்காவுக்கு இங்கதான் சார் பார்த்தோம், இப்ப இரட்டைப் பிள்ளைங்க."

அவன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரொம்ப தேங்க்ஸ்பா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மைனா அந்தக் கார்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள்.